வெளிர்நிறத் துணி சீட்: கழுவுவது, காய வைப்பது, எண்ணெய் ஏறாமல் காப்பது

மணல்நிறம்

பெய்ஜ், வெளிர்சாம்பல் துணி சீட்டுக்கென்று ஒரு தனி விவாத இழை. "லெதரெட் கவர் போட்டு மூடிவிடுங்கள்" என்ற பதில் இங்கே வேண்டாம். துணியை துணியாகவே சுத்தமாக வைத்திருப்பது எப்படி என்று பேசுவோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் நான்கு:

கழுவிய அன்று பளிச்சென்று இருக்கும் சீட்டில் மறுநாள் பழுப்பு வளையம் ஏன் வருகிறது? ஹெட்ரெஸ்டில் ஏறிய தலை எண்ணெய் போகுமா? மஞ்சள், குங்குமம், காபி மூன்றுக்கும் ஒரே மருந்தா? துணியில் கறை ஏறாமல் காக்கும் ப்ரொடெக்டர் ஸ்ப்ரேக்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா?

ஈரோடு_சாயம்

முதல் கேள்விக்குத் துணியின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. கார் சீட் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அதன் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம் ஷீட், அதற்கும் பின்னால் மெல்லிய வலைத்துணி, மூன்றும் ஒட்டியே வரும். அதற்குக் கீழேதான் நாம் உட்காரும் கனமான ஃபோம்.

பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதம் வரை ஈரம் பிடிக்கும். பாலியெஸ்டர் 0.4 சதம்தான். அதாவது ஊற்றும் தண்ணீர் நூலுக்குள் போவதில்லை. நூல்களின் இடுக்கு வழியாக நேரே ஃபோமுக்கு இறங்கிவிடுகிறது. காய்வதோ மேற்பரப்பில் மட்டும். மேலே காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, கீழே இருக்கும் தண்ணீரைத் துணி மேலே இழுக்கும். ஃபோமில் வருடக்கணக்காகச் சேர்ந்த அழுக்கும் மிச்ச சோப்பும் அந்தத் தண்ணீரோடு ஏறி வரும். ஈரமும் காய்ந்ததும் சந்திக்கும் விளிம்பில் எல்லாம் படிந்துவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் வளையம். துணி கெட்டுப்போகவில்லை. தண்ணீர் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு குணத்தையும் நினைவில் வையுங்கள். தண்ணீரை ஒதுக்கும் அதே பாலியெஸ்டர் எண்ணெயை விரும்பிப் பிடிக்கும். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் மீதி வேலை எல்லாம் தானாகப் புரியும்.

டீட்டெய்லர்_கோவை

மேலே சொன்னதை வேலையில் எப்படிக் கொண்டுவருவது என்று எழுதுகிறேன். ஒரு முன்சீட்டுக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலில் உலர்ந்த வாக்குவம். இதற்கே 10 நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் மணலும் தூசியும் தண்ணீர் பட்டுச் சேறாகி, பிறகு தேய்க்கத் தேய்க்க நூலுக்குள் போய்விடும். சீட்டும் முதுகும் சேரும் இடுக்கைக் கையால் விரித்துப் பிடித்து, குறுகிய மூக்கு போட்டு இழுக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷை ஒரு கையில் வைத்துத் தட்டிக்கொண்டே இழுத்தால் இன்னும் நன்றாக வரும்.

கரைசல்: துணிக்கும் ஆகும் என்று போட்டிருக்கும் ஆல் பர்பஸ் கிளீனர் 50 மில்லி, தண்ணீர் 500 மில்லி. வெளிர் துணிக்கு இதற்கு மேல் கெட்டியாக வேண்டாம். எடுத்ததும் சீட்டுக்கு அடியில் தொங்கும் மடிப்பில் அடித்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சாயம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சீட்டில் நேரடியாகப் பீச்சாமல் பிரஷ்ஷின் மேல் பீச்சுங்கள். நுரை வரட்டும், அந்த நுரையால் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை ஒரு பகுதி. பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். குதிரைமுடி பிரஷ் அல்லது மெல்லிய நைலான் போதும். ட்ரில்லில் மாட்டும் முரட்டு பிரஷ் பின்னல் துணியில் நூலைக் கிளப்பிவிடும். கிளம்பிய நூலை மறுபடி படுக்க வைக்க முடியாது.

நுரை கருத்ததும் மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்து, ஈர வாக்குவத்தால் இழுங்கள். கையை வேகமாக ஓட்டக் கூடாது. ஒரு முறை தண்ணீர் அடித்தால் மூன்று முறை உலர் இழுப்பு, இதுதான் கணக்கு. வாக்குவத்தின் மூக்கு கண்ணாடி போல் தெரிவதாக இருந்தால் நல்லது. அதில் ஓடும் தண்ணீர் டீ நிறத்திலிருந்து தெளியும் வரை தொடர வேண்டும்.

ஈர வாக்குவம் இல்லாதவர்கள் ஒரு சீட்டுக்கு மொத்தம் 200 மில்லிக்கு மேல் திரவம் இறக்காதீர்கள். அதை டவல் வைத்து உடம்பின் எடையைப் போட்டு அழுத்தி எடுங்கள். டவலில் ஈரமே ஏறாத நிலை வரும் வரை மாற்றி மாற்றி வையுங்கள்.

புதுஓட்டுநர்

ஐயா, துணி துவைக்கும் சோப்புத்தூள் கொஞ்சம் போட்டால் போதாதா? வெளுப்பாகத்தானே வரும்?

ஈரோடு_சாயம்

அந்த "வெளுப்பு"தான் பிரச்சினை. துவைக்கும் பவுடர் பலவற்றில் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கும். அது அழுக்கை எடுப்பதில்லை. புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் ஒரு வகைச் சாயம் அது. வெள்ளைச் சட்டைக்குச் சரி. பெய்ஜ் துணியில் அது படிந்த இடம் வெயிலில் நீலம் கலந்த வெள்ளைத் திட்டாகத் தெரியும். அலசிப் பிழியும் துணிக்கான பொருளை, அலச முடியாத சீட்டில் போடுகிறோம் என்பது அடுத்த சிக்கல். மிச்சம் நின்ற சோப்பு காய்ந்ததும் பிசுபிசுத்து, கால்சட்டையிலிருந்தும் காற்றிலிருந்தும் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவி இரண்டே வாரத்தில் முன்பைவிட மோசமாக அழுக்காகும் சீட்டுகளில் நடப்பது இதுதான். பாத்திரம் தேய்க்கும் திரவத்துக்கும் இதே கதை.

பிளீச்சிங் திரவம் பக்கமே போக வேண்டாம். சாயத்தை எடுத்துவிடும், ஃபோமையும் அரிக்கும்.

சீட்தையல்

தண்ணி அடிக்கிறதுக்கு முன்னாடி சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. மஞ்சள் கலர் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்ட வயரிங். சைடு ஏர்பேக் இருக்கிற வண்டியில சீட் முதுகோட வெளிப்பக்க ஓரத்துல சின்ன டேக் தெச்சிருக்கும். அந்தத் தையல் பக்கம் ஈரம் இறங்கவே கூடாது, பிரஷ் போட்டு அழுத்தவும் கூடாது. முன்பக்கப் பயணி சீட்டுல ஆள் உட்கார்ந்திருக்கிறதைக் காட்டுற சென்சார் இருக்கலாம். அது நனைஞ்சா சீட் பெல்ட் அலாரம் சும்மா சும்மா கத்தும்.

சீட்டைக் கழட்டிக் கழுவலாம்னு சில பேர் இறங்கிடுறாங்க. பேட்டரி நெகட்டிவ் கழட்டாம அந்த மஞ்சள் கனெக்டரைப் பிடுங்காதீங்க. கழட்டின பிறகும் சர்வீஸ் மேனுவல்ல போட்டிருக்கிற நிமிஷம் காத்திருக்கணும். இக்னிஷன் ஆன்ல இருக்கிறப்ப பிடுங்கினா ஏர்பேக் விளக்கு எரிஞ்சுடும், அப்புறம் ஸ்கேனர் வெச்சுத்தான் அணைக்க முடியும்.

கவரை உருவி வாஷிங் மெஷின்ல போடுறதும் வேண்டாம். பின்னாடி ஒட்டியிருக்கிற ஃபோம் ஷீட் பிரிஞ்சு சுருண்டுக்கும். திரும்ப மாட்டும்போது சுருக்கம் போகாது.

ரூஃப் துணிக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. அங்க துணியைத் தாங்குறது பசை மட்டும்தான். தண்ணி அடிச்சா பசை விட்டு, பந்தல் துணி மாதிரி தொங்கிடும். மைக்ரோஃபைபர்ல நுரையை மட்டும் தொட்டு, ஒரே திசையில லேசா துடைங்க. கறை பாதி போனா அதோட நிறுத்திடுங்க. முழுசா எடுக்கணும்னு நின்னா ரூஃபையே மாத்த வேண்டி வரும்.

மணல்நிறம்

போர்வெல் தண்ணீரால் கடைசி அலசல் செய்யலாமா? வினிகர் போட்டால் சரியாகும் என்று ஒரு கருத்து இருக்கிறதே.

டீட்டெய்லர்_கோவை

வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் மட்டும் போய் உப்பு அங்கேயே நிற்கும். வெளிர்சாம்பல் துணியில் அது வெள்ளை ஓரமாகத் தெரியும். கரைசலும் கடைசி அலசலும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீரில் செய்யுங்கள். ஒரு காருக்கு 5 லிட்டர் போதும். வினிகரை எல்லா வண்டிக்கும் ஊற்றும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை, நல்ல தண்ணீரில் நன்றாக இழுத்தாலே போதும்.

ஈரோடு_சாயம்

பாதி ஒத்துக்கொள்கிறேன். காரத்தன்மை கூடிய கிளீனர் போட்டிருந்தால் கடைசி அலசலில் லேசான அமிலம் தேவை. வெள்ளை வினிகர் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. மிச்சக் காரம் சமமாகும், போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு ஓரமும் கரையும். எலுமிச்சை உப்பைவிட வினிகர் மேல் என்பதற்குக் காரணம் உண்டு. வினிகரின் அமிலம் ஆவியாகிவிடும், வாடை ஒரு நாளில் போய்விடும். எலுமிச்சை உப்பு துணியிலேயே படிகமாக நின்றுவிடும்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். கிளீனரோடு வினிகரைக் கலந்து அடித்தால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். பிளீச் பட்ட இடத்தில் வினிகர் அடித்தால் குளோரின் வாயு வரும், மூடிய காருக்குள் அது ஆபத்து.

டீட்டெய்லர்_கோவை

காரம் போட்ட வண்டிக்கு மட்டும் என்றால் சரி.

ஈரோடு_சாயம்

இனி கறைகள். ஒரே மருந்து கிடையாது.

தலை எண்ணெய்: புதிதாக இருந்தால் சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) தூவி ஒரு மணி நேரம் விட்டு வாக்குவம் செய்யுங்கள். பழையது என்றால் வெள்ளைத் துணியில் 70 சதம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து ஒற்றுங்கள். துணியை ஒவ்வொரு முறையும் புது இடத்துக்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்ப வைப்பீர்கள். பிறகு மேலே சொன்ன 50/500 கரைசலை 40 டிகிரி வெதுவெதுப்பில் போட்டு நுரை வேலை. ஹெட்ரெஸ்டைக் கழற்றி வெளியே வைத்துச் செய்தால் கை சுலபமாகப் போகும். கிருமிநாசினி ஜெல்லை ஆல்கஹாலுக்குப் பதிலாகப் போடாதீர்கள். அதில் இருக்கும் கிளிசரினும் கூழும் துணியிலேயே தங்கிவிடும்.

மஞ்சள், சாம்பார், குழம்பு: இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்புத் தண்ணீர் போட்டதும் மஞ்சள் கறை செங்கல் நிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கறை பெருகவில்லை, நிறம்தான் மாறியது. வினிகர்த் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் திரும்ப மஞ்சளாகும். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆகவே முதலில் கெட்டிப்பொருளைக் கரண்டியால் வழித்து, எண்ணெயை மாவால் எடுத்து, பிறகு ஆல்கஹாலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். மிஞ்சும் சாயலை வெயில் எடுக்கும். குர்குமின் ஒளியில் சிதையும். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்ளே ஏறும் சூடு அந்தச் சாயத்தைப் பாலியெஸ்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கதவைத் திறந்து வைத்து, வெயில் நேராகப் படும்படி நிறுத்துங்கள். காலை வெயிலாக 2 மணி நேரம், தேவைப்பட்டால் மூன்று நாள்.

குங்குமம்: ஈரம் காட்டாமல் முதலில் வாக்குவம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய முறைக் குங்குமமா, செயற்கைச் சாயமா என்று அறிய, வெள்ளைத் துணியில் ஒரு சிட்டிகை வைத்து வினிகர் விடுங்கள். மஞ்சளானால் மேலே சொன்ன வழி. சிவப்பாகவே நின்றால் செயற்கைச் சாயம். அதற்கு ஆல்கஹால் சாயத்தைப் பரப்பிவிடக்கூடும், சிறு புள்ளியில் சோதித்த பிறகே தொடுங்கள். விபூதிக்கும் ஈரம் ஆகாது, காய்ந்தபடியே இழுத்தால் முழுதும் வந்துவிடும்.

பால் கலந்த காபி, டீ: இரண்டு கறை ஒன்றாக இருக்கிறது. பால் புரதத்துக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிவிடும். பிறகு செல்லப்பிராணிக் கறைக்கு விற்கும் என்சைம் ஸ்ப்ரே அடித்து, 20 நிமிடம் ஈரம் காயாமல் பார்த்து, இழுங்கள். பழுப்பு நிறம் மிஞ்சினால் 3 சத ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் 6 சதமாகக் கிடைத்தால் சமபங்கு தண்ணீர் சேருங்கள். மறைவிடத்தில் சோதித்துவிட்டு அடித்து, 15 நிமிடத்தில் அலசி எடுங்கள். குழந்தை வாந்தி, தயிர், முட்டை, ரத்தம் எல்லாம் இதே வரிசை: குளிர் நீர், என்சைம், பிறகுதான் மற்றது.

புது ஜீன்ஸின் நீலம்: பக்கவாட்டு மேட்டில் ஏறும். இண்டிகோவும் தண்ணீரில் கரையாது. ஒரு வாரத்துக்குள் ஆல்கஹால் ஒற்றினால் பெரும்பகுதி வரும். மாதக்கணக்கில் வெயிலில் நின்றதற்கு நிழல் மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுஓட்டுநர்

ஸ்டீம் மெஷின் வைத்தால் இவ்வளவும் ஒரே அடியில் போகாதா?

டீட்டெய்லர்_கோவை

அழுக்கு என்னவென்று தெரிந்தால் ஸ்டீம் நல்ல கருவி. வியர்வைப் பிசுக்கு, கை வைக்கும் இடத்துக் கருப்பு, இதற்கெல்லாம் தண்ணீரும் குறைவு, பலனும் உண்டு. மூக்கில் மைக்ரோஃபைபரைச் சுற்றி, நிற்காமல் நகர்த்த வேண்டும். பால், ரத்தம், மஞ்சள் இருக்கும் சீட்டில் முதல் வேலையாக ஸ்டீம் அடித்தால் அந்தக் கறையைச் சமைத்து ஒட்டியதாகிவிடும். ரூஃபில் அடிக்கவே கூடாது.

சீட்தையல்

கதவு பேட்ல ஒட்டியிருக்கிற துணிக்கும் அதே பசைதான். அங்கயும் ஸ்டீம் வேண்டாம்.

மணல்நிறம்

சரி, ப்ரொடெக்டர் ஸ்ப்ரேக்கு வருவோம். கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார்கள், முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. அதை நம்பலாமா?

ஈரோடு_சாயம்

தண்ணீரை நம்பாதீர்கள், எண்ணெயை வைத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சீட்டின் முதல் எதிரி தலை எண்ணெயும் உடம்பு எண்ணெயும். தண்ணீர்ச் சோதனையில் ஜெயிக்கும் ஸ்ப்ரே அதில் தோற்கலாம்.

காரணம் பரப்பு இழுவிசை, அதாவது திரவம் பரவாமல் தன்னைத்தானே உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், சமையல் எண்ணெய்களுக்குச் சுமார் 30. சிலிகான் பூசிய பரப்பு 22, 24 அளவில் நிற்கும். தண்ணீரை உருட்ட அது தாராளம். எண்ணெய்க்கும் அதற்கும் உள்ள இடைவெளி போதாது, எண்ணெய் பரவிவிடும். மெழுகு வகையும் இப்படித்தான். ஃபுளூரின் சேர்ந்த வகை பரப்பின் அந்த அளவை இன்னும் நன்றாகக் குறைக்கும், அதனால்தான் எண்ணெயையும் உருட்டுகிறது.

சோதனை: சீட்டின் அடி மடிப்பில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டைச் சுற்றித் துணி கருத்தால் எண்ணெய்க்கு அந்த ஸ்ப்ரே ஆகாது. சொட்டு உருண்டையாகவே நின்று, டிஷ்யூ பேப்பரால் உறிஞ்சியதும் சுவடு இல்லாவிட்டால் நல்லது. மார்கழி காலையில் இதைச் செய்யாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும், உறைந்த எண்ணெய் எந்தத் துணியிலும் உருண்டையாகத்தான் நிற்கும்.

டீட்டெய்லர்_கோவை

அடிக்கும் முறை: துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், கழுவி 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மிச்ச சோப்பு இருந்தால் ஸ்ப்ரே வேலை செய்யாது. சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் அழைப்பது, அது இருக்கும் வரை எந்தப் பூச்சும் உருட்டாது. "விலை உயர்ந்த ஸ்ப்ரே, ஒன்றும் ஆகவில்லை" என்ற புகார்களில் பல இதில்தான் முடிகின்றன.

15 முதல் 20 செ.மீ. தள்ளி, மேலிருந்து கீழ் ஒரு கை, காய்ந்ததும் இடமிருந்து வலம் இன்னொரு கை. துணி லேசாக ஈரமானால் போதும், சொட்டக் கூடாது. கண்ணாடி, டாஷ்போர்டு, சீட் பெல்ட் மூன்றையும் மூடிவிடுங்கள். கதவு நான்கும் திறந்திருக்க வேண்டும். கரைப்பான் வகை என்றால் மாஸ்க் கட்டாயம், பக்கத்தில் தீ கூடாது. 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது.

ஏறி இறங்கும்போது உரசும் ஓட்டுநர் பக்க மேட்டில்தான் முதலில் தேயும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே சொட்டுச் சோதனை செய்து, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப அடித்தால் போதும்.

தறிமுனை

ஃபுளூரின் வகையைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். இந்தக் குடும்பச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. ஸ்காட்ச்கார்டு என்ற தன் ப்ரொடெக்டரில் இருந்த பழைய மூலப்பொருளைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்து, கலவையை மாற்றியது. 2025 இறுதிக்குள் இந்தக் குடும்பப் பொருள்களின் உற்பத்தியிலிருந்தே விலகுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. ஃபுளூரின் இல்லாதது என்று லேபிளில் போட்டு விற்பவை தண்ணீருக்கு நன்றாக வேலை செய்கின்றன, எண்ணெய்க்கு அவ்வளவு இல்லை. சின்னக் குழந்தைகள் சீட்டை நக்கி, கடித்து வரும் காரில் ஸ்ப்ரேயைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பேன் என்பது என் நிலை.

அந்த வேறு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. அரசாங்கக் கார்களில் சீட்டின் மேல் வெள்ளை டர்க்கி டவல் விரிப்பார்களே, அதுதான். தலை படும் இடத்துக்கு ஒரு கைத்துண்டை ஹெட்ரெஸ்ட் அளவுக்கு உறை போலத் தைத்து மாட்டுங்கள். காருக்கு இரண்டு செட், வாரம் ஒருமுறை மாற்று. பருத்தி டவல் எண்ணெயைத் தானே வாங்கிக்கொண்டு துணிக்கு விடாது, வெந்நீரில் துவைக்கலாம். சைடு ஏர்பேக் இருக்கும் சீட்டில் முதுகு முழுக்க இறுக்கிக் கட்ட வேண்டாம், தலைப்பகுதிக்கு மட்டும் போதும்.

சீட்தையல்

இதை முழு மனசோட ஆமோதிக்கிறேன். கூடவே, புது வண்டியில வர்ற பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கிழிச்சுடுங்க. சீட்டைக் காப்பாத்துதுன்னு வெச்சிருந்தா உள்ள வியர்வை ஈரம் நின்னு, துணியில கரும்புள்ளி பூக்கும்.

புதுஓட்டுநர்

ஐப்பசி மழையில் சீட் நனைந்து கரும்புள்ளி வந்துவிட்டால்?

டீட்டெய்லர்_கோவை

உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், பூசண வித்துகள் கார் முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டு, 70 சத ஆல்கஹாலை மெல்ல அடித்து 10 நிமிடம் விட்டு ஒற்றுங்கள். பிறகு வழக்கமான நுரை வேலை. மிஞ்சும் கருமைக்கு 3 சத பெராக்சைடு.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இதைச் செய்தால் அடுத்த மாதம் திரும்ப வரும். பயணி பக்கக் கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். நனைந்திருந்தால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அதுதான் காரணம். சன்ரூஃப் வண்டியில் அதன் மூலை வடிகால்களையும் பாருங்கள்.

மழை நாளில் சீட் காய வைக்க, கண்ணாடியைத் திறந்து வைப்பதால் பலனில்லை, வெளியே காற்றே ஈரம். கண்ணாடியை ஏற்றி, ஏசியை ரீசர்க்குலேஷனில் போட்டு, வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டி 30 நிமிடம் ஓட்டுங்கள். ஏசி ஈரத்தைப் பிழிந்து வெளியே விடும். வண்டி திறந்தவெளியில் ஓடிக்கொண்டிருக்கட்டும், மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். வீட்டில் நிறுத்தியிருந்தால் டேபிள் ஃபேனை சீட்டுக்கு நேராக வைத்து இரவு முழுக்க ஓட விடுங்கள். 24 மணி நேரத்துக்குள் காய வேண்டும், அதற்கு மேல் போனால் ஈரவாடை பிடித்துவிடும். மேல் துணி காய்ந்தது கணக்கில்லை. டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்து சீட்டில் வைத்து, முழங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். பேப்பரில் ஈரம் தெரிந்தால் ஃபோம் இன்னும் காயவில்லை.

மணல்நிறம்

கடைசியாக ஒன்று. வெளிர்நிற சீட் பெல்ட்டின் தோள்பகுதிக் கருப்பு?

சீட்தையல்

பெல்ட்டை முழுசா வெளிய இழுத்து, அது உள்ள போற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கிளிப் போட்டு நிறுத்திக்கோங்க. கை கழுவுற மென்சோப்பு 5 மில்லி, தண்ணி 500 மில்லி. மைக்ரோஃபைபரை நனைச்சுப் பிழிஞ்சு, நெசவோட நீளத்துலயே இழுத்துத் துடைங்க. அப்புறம் வெறும் தண்ணில ரெண்டு தடவை. பிளீச், ஆல்கஹால், ப்ரொடெக்டர் எதுவும் பெல்ட்டுல படக் கூடாது, உயிரைத் தாங்குற நூல் அது. கிளிப்பை மறுநாள் காலையிலதான் எடுக்கணும். ஈரத்தோட சுருண்டா உள்ளயே பூசணம் பிடிச்சு, இழுத்தா திரும்பிப் போகாத அளவுக்கு மந்தமாயிடும்.